ஜீப் கணக்கு!

பி.காம். படித்தவன் ஸ்பானர் பிடிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் இடது கட்டைவிரல் நகமாவது மிஞ்சியிருக்கும்!

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காயை ஏலம் விடுகிற ஊர். விடிந்தும் விடியாததுமாகத் தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகப் போடிமெட்டு மலையேறும். அப்பாவும் அப்படியொரு ஜீப் டிரைவர்தான். ஒரு ஏலத்தோட்டத்து முதலாளியிடம் இருபத்து நாலு வருஷம் ஓட்டினார். 1994-ல் முதலாளி புது வண்டி எடுத்தபோது, தான் ஓட்டிய பழைய ஜீப்பை அப்பாவே 42,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். மஹிந்திரா சி.ஜே.-3பி, 1968 மாடல், பெட்ரோல் வண்டி. அந்த 42,000-த்தில் பாதி, அம்மாவின் வளையல். அன்று முதல் அம்மா அந்த ஜீப்புக்கு வைத்திருக்கும் பெயர் 'சக்களத்தி'.

2013-ல் ஒரு சாயங்காலம் அப்பா வண்டியைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். "பிரேக் சரியில்ல" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. இன்றைக்குப் பார்ப்பார், நாளைக்குப் பார்ப்பார் என்று ஒன்பது வருஷம் ஓடிப்போயிற்று. டயர்கள் மண்ணுக்குள் இறங்கின. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. முட்டை எடுக்கப் போகும்போது மட்டும் அம்மா சக்களத்தியிடம் பிரியமாக நடந்துகொள்வாள்.

2022 தை மாதம், பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் காம்பவுண்டுக்கு வெளியே நின்றபடியே கண்ணால் எடை போட்டார்.

"ஒரு டன் வரும் ஸார். கிலோ முப்பது ரூபா. இன்னிக்கே எடுத்துக்கறேன்."

"குடுத்துருப்பா" என்றார் அப்பா. சொல்லிவிட்டு எழுந்து போய், காற்றில் விலகியிருந்த தார்ப்பாயை இழுத்து வண்டியின் முகத்தை மூடிவிட்டு வந்தார்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். என் பிழைப்பு அது. நாலு பத்திரிகைக்குக் கட்டுரை, நாலு கடைக்குக் கணக்கு. வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம், அதுவும் குறைந்துகொண்டே போகிற மதிப்பின் மேல் கழித்தால், 42,000 ரூபாய் ஜீப்பின் புத்தக மதிப்பு இருபத்தெட்டு வருஷத்தில் சுமார் 444 ரூபாய். இந்த முறையில் ஒரு வேடிக்கை. எத்தனை வருஷம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்துக்கு மட்டும் வராது. 444 ரூபாய்ப் பொருளுக்கு 30,000 ரூபாய் தருகிறேன் என்கிறார் மனுஷர். பி.காம். படித்த எவனும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காசை எண்ணுவான்.

என் வாய் மட்டும் வேறு கல்லூரியில் படித்திருக்கிறது. "வேணாங்க. நானே வீட்டுல வச்சு ரிப்பேர் பண்ணப் போறேன்!"

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாத்தத் தெரியாமப் புது மிக்ஸி வாங்குனது நீங்கதானே?"

நான் பதில் சொல்லவில்லை. வரலாற்றில் பெரிய காரியங்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன.

*

வரலாறு என்றதும் ஞாபகம் வருகிறது. 1940-ல் அமெரிக்க ராணுவம், 'காடு மேடெல்லாம் ஏறுகிற சின்ன வண்டி ஒன்று வேண்டும், மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டு வா' என்றது. திவாலாகும் நிலையில் இருந்த பான்டம் என்ற சின்ன கம்பெனி, ஒன்றுமில்லாததிலிருந்து வரைந்து, அடித்து, பூட்டி, சொன்ன நாளில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அதுதான் ஜீப்பின் பாட்டன். வெறும் 49 நாள்! ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஜீப்பை நான் கழற்றி மாட்ட எத்தனை நாள் எடுத்துக்கொண்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மரியாதை போய்விடும்.

நம் நாட்டில் ஜீப்பைக் கொண்டுவந்த கம்பெனி 1945-ல் தொடங்கியபோது அதன் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பங்குதாரர் குலாம் முகமது கணக்கு படித்தவர். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதி மந்திரியானார். 1948-ல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. ஆக, ஜீப் சரித்திரத்தில் கணக்குப் பிள்ளைக்கும் இடம் உண்டு என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவரு ஸ்பானரைத் தொட்டாரா?" என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. கடைவீதியில் வாங்கிய பளபளப்பான ஸ்பானர் செட்டோடு இறங்கினேன். பதினாலாம் நம்பர் ஸ்பானர் போல்ட்டில் ஏறவில்லை. பதினைந்து ஏறியது, ஆனால் வழுக்கியது. ஓங்கித் தட்டினேன். நகம் போனது அப்போதுதான்.

அப்பா வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "அது அமெரிக்காக்காரன் போல்ட்டுப்பா. இஞ்ச் கணக்கு. ஒம்பதே பதினாறு கேக்கும்" என்றார்.

ஒன்பதே பதினாறு இஞ்ச் என்றால் 14.29 மில்லிமீட்டர். கணக்கில் முழுமையாக்கம் என்று ஒன்று உண்டு. 14.29-ஐ 14 என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆடிட்டர் கேட்கமாட்டார். போல்ட் கேட்கும்!

அன்றிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல நான் செய்வது என்று ஏற்பாடாயிற்று. சொல்ல என்றா சொன்னேன்? இரும. தப்பான நட்டில் கை வைத்தால் ஒரு இருமல். தப்பான திசையில் திருகினால் இரண்டு. எதையாவது கீழே போட்டால் வெற்றிலைச் செல்லம் மூடும் சத்தம்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளில் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடச் சொன்னார். ஊறுகாய்க்குக் கூட அம்மா அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. அடுத்த ஞாயிறு முன்பக்கம் ஹாண்டிலைச் செருகி, அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று மெல்ல ஆட்ட ஆட்ட, ஒரு பெருமூச்சோடு சுற்றியது.

"கட்டைவிரல மடக்கிப் பிடிக்காத. மத்த வெரலோட சேர்த்து ஒரே பக்கமா வை. எஞ்சின் திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிரும்" என்றார் அப்பா. மிச்சமிருந்த ஒரு கட்டைவிரலை அப்படித்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? டிரைவர் சீட்டுக்கு அடியில்! அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பெட்ரோல் மேல் உட்கார்ந்துதான் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறார். டேங்குக்குள் துரு. கழற்றி, தண்ணீர் விட்டு அலசி, பழைய நட்டுகளை உள்ளே போட்டு, நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஆடிய ஒரே ஆட்டம் அதுதான். "ஓட்டை இருந்தா வெல்டிங் வைக்கலாமா?" என்று கேட்டேன். அப்பா இரண்டு தடவை இருமினார். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்தாம். பெட்ரோல் இருக்காது, ஆவி இருக்கும்.

என்னால் முடியாத வேலைகளுக்கு மெக்கானிக் பாய் வருவார். அப்பாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். பிரேக்கை அவர்தான் பிரித்தார். இந்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர். ஒரு இடத்தில் ஆயில் கசிந்தாலும் நாலு பிரேக்கும் போகும். சிலிண்டர் எல்லாம் துருவேறிக் கிடந்தது. ஒன்பது வருஷம் நின்ற வண்டியில் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் டிரம்மைக் கழற்றியதும் பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, லைனிங் புத்தம் புதுசா இருக்கே! நிப்பாட்டுறதுக்கு முந்திதான் போட்டிருக்கீக."

"இருக்கும்" என்றார் அப்பா. வெற்றிலைச் செல்லம் மூடும் சத்தம் கேட்டது. நான் எதையும் கீழே போடவில்லை.

*

வேலை பாதியில் நிற்கும்போதெல்லாம் யோசனை சொல்ல ஆட்கள் வந்தார்கள். "பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு டீசல் எஞ்சின் ஏத்துங்க பாஸ்!" என்றான் ஒரு நண்பன். இந்த ஜீப்களில் அப்படி டீசலுக்கு மாறியவை ஏராளம். 2022-ல் பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டியிருந்தது. எங்கள் ஜீப்போ லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். எனக்கே சபலம் தட்டியது.

இன்னொருவர் வேறு சொன்னார். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ராலிக்கும் எடுத்துப் போகலாம். தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது.

அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குப்பா நம்பரு? ஓடுற வண்டிதான் ஜீப்பு. நிக்கிறது இரும்பு."

ஒன்பது வருஷம் அதை நிறுத்தி வைத்தவர் இதைச் சொன்னார்! டீசலும் இல்லை, 'வி.ஏ.'யும் இல்லை. பழைய எஞ்சினையே எழுப்பி, வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று.

அந்த எஞ்சினுக்காகத்தான் சி.ஜே.-3பி-யின் பானெட் மட்டும் மற்ற பழைய ஜீப்பைவிட உயரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே காற்றும் பெட்ரோலும் போகிற வால்வு தலையில், புகை வெளியேறும் வால்வு உடம்பில் என்று ஒரு அமைப்பு. எஞ்சின் வளர்ந்துவிட்டது, 1953-ல் வில்லீஸ் கம்பெனிக்காரர்கள் பானெட்டையும் வளர்த்துவிட்டார்கள். பையனுக்குச் சட்டை பத்தவில்லை என்றால் துணி வைத்துத் தைக்கிற அம்மாக்களின் வேலை!

ஸ்பேர் பார்ட்ஸுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை போனேன். துணிக்கடைக்கு மனைவியோடு போய் வாசலில் நின்ற பாவத்துக்கெல்லாம் அங்கே பிராயச்சித்தம் கிடைத்தது. இந்தத் தடவை எனக்காக அவள் வாசலில் நின்றாள்.

டீக்கடையில் பந்தயமே கட்டினார்கள். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த மதுரை ரயிலை அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். "போடிக்கு ரயில் மொதல்ல வருமா, ஜீப்பு மொதல்ல வருமா?" பெரும்பாலானவர்கள் ரயிலின் மேல்தான் பணம் கட்டினார்கள்.

*

2023 பிப்ரவரி, ஒரு ஞாயிறு. எல்லாம் பூட்டியாகிவிட்டது. புது பாட்டரி. கார்புரேட்டர் கழுவியாயிற்று. மனைவி கற்பூரத்தோடு நின்றாள். அம்மா சக்களத்திக்குக் குங்குமம் வைத்தாள். சாவியைத் திருகி ஸ்டார்ட்டரை அமுக்கினேன்.

உர்ர்... உர்ர்... உர்ர்...

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கற்பூரம் அணைந்தது. இன்னொன்று ஏற்றினாள். அதுவும் அணைந்தது. பாய்க்கு ஆள் அனுப்பினேன்.

பாய் வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி இல்லை. காயிலிலிருந்து வரும் வயரை எடுத்துப் பிடித்தார். 'டிக்'கென்று நீலப் பொறி! "காயில்ல கரன்ட் இருக்கு. பிளக்குல இல்ல. அப்ப நடுவுலதான் கோளாறு" என்றபடி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டினார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பதிமூன்று மாதமாக நான் அந்த மூடியை மட்டும் திறந்ததில்லை. திறக்கப் போகும்போதெல்லாம் அப்பா இருமினார். "அது நல்லாத்தான் இருக்கு, விடு" என்பார்.

மூடி கழன்றது. பாய் உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"ரோட்டாரே இல்லியே! இதை யாரு எடுத்தது?"

ரோட்டார் என்பது விரல் நீளம் கூட இல்லாத ஒரு கறுப்புத் துண்டு, தலையில் சின்னதாக ஒரு தகடு. அது சுற்றிச் சுற்றி வந்து ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று பிளக்குகளுக்கு முறை வைத்துக் கரன்ட் கொடுக்கும். அது இல்லாவிட்டால் சாவி இருந்தும் பிரயோஜனமில்லை. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் ஜீப்பை எதிரி ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க, இதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவார்களாம்.

அப்பா எழுந்து உள்ளே போனார். பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றோடு வந்தார். திறந்தால், காக்கித் துணியில் சுற்றி, ரோட்டார்!

பாய் எழுந்தார். "டீ குடிச்சிட்டு வாரேன்" என்றார். அவர் கையிலேயே பாதி டீ இருந்தது.

*

"அன்னிக்கு பிரேக்கு போகலப்பா" என்றார் அப்பா. "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு கால்ல."

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அது எங்களுக்குத் தெரியும். பாதம் மரத்துப் போயிருந்தது தெரியாது.

"பெடல்ல வச்சிருக்கேனா, தரையில வச்சிருக்கேனான்னு தெரியல. சந்தேகத்துல லைனிங் கூட மாத்திப் பாத்தேன். மறுநாளே, பள்ளிக்கூடத்து வளைவுல ஒரு பிள்ளை சைக்கிள்ல வந்துச்சு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன்... கடைசியில ஒரு சாண் தூரத்துல நின்னுச்சு. அந்தப் பிள்ளை எறங்கி, 'ஸாரி தாத்தா'ன்னுச்சு. தப்பு என் மேல. ஸாரி சொன்னது அது."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"என்னன்னு சொல்ல? நாப்பது வருஷம் டிரைவரு. கால் எங்க இருக்குன்னு தெரியலன்னா சொல்ல?"

"சாவியை அம்மாகிட்டக் குடுத்திருக்கலாம்."

"சாவி இருக்குற எடம் எனக்குத் தெரியும்ல? மறுநாளே மனசு கேக்காது. எடுத்திருப்பேன். இதைத் திருப்பி மாட்டணும்னா பானெட்டைத் தூக்கணும், மூடியைக் கழட்டணும். அதுக்குள்ள புத்தி வந்துரும்."

கடைக்காரர்களிடம் 'இந்த பில் எங்கே, அந்த வவுச்சர் ஏன் இல்லை' என்று குடைந்து கேட்பது என் தொழில். புது லைனிங்கைப் பார்த்த அன்றைக்குக்கூட என் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதைவிட மோசம், வாசலில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் அவர் நடந்து வருவார். 'அப்பாவுக்கு மறதி' என்று நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம். ஒன்பது வருஷமாகக் கண்ணெதிரே நடந்த பற்று வரவு அது.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாதத்தில் மெல்லிய நரம்பு போன்ற ஒன்றால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். பாதி இடத்தில் தெரியவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்ய வேண்டுமாம். காலில் காயம் பட்டாலும் தெரியாது என்பதால் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டுமாம். இப்போது அதை நான் பார்க்கிறேன். வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறவர்கள், ஜீப் இல்லாவிட்டாலும், இன்று ராத்திரி அவர் பாதத்தை ஒரு தரம் பாருங்கள்.

ரோட்டாரை மாட்டிய பிறகும் பாயின்ட்டைத் தேய்த்து, இடைவெளி வைத்து, மேலும் சில வாரம் போராட்டம். 2023 மார்ச்சில் வண்டி இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது! மொத்தம் பதினாலு மாதம். பான்டம் கம்பெனிக்கு 49 நாள். போகட்டும், போடிக்கு ரயில் ஜூனில்தான் வந்தது. மூன்று மாத வித்தியாசத்தில் ஜெயித்தோம். எங்கள் மேல் பணம் கட்டிய ஒரே ஆள் மெக்கானிக் பாய்!

ஆர்.சி. வேலையும் முடிந்து, முதல் தடவையாக மலைப் பாதையில் ஏறினோம். பழைய ஜீப் என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். நான் இடது பக்கம் ஓட்ட, அப்பா வலது பக்கம் உட்கார்ந்திருந்தார், மற்ற வண்டிகளில் டிரைவர் உட்காருகிற இடத்தில். எதிரே வந்த லாரிக்காரர் வழிவிட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துத்தான் கை தூக்கினார். அப்பாவும் பதிலுக்குக் கை தூக்கினார். நான் திருத்தவில்லை.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், நான் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் அவருடைய வலது கால் வெறும் தரையை அமுக்கியது. எல்லாத் தடவையும் அவர் கணக்குதான் சரி. நான்தான் லேட்.

செலவுக் கணக்கை மனைவி கேட்டாள். காட்டினேன். ஒரு வாரம் பேசவில்லை. அந்தத் தொகையை இங்கேயும் சொல்லப்போவதில்லை.

இப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தியதும் ரோட்டாரைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் துணியில் சுற்றிக் கண்ணாடிக் கூட்டில் வைப்பார். சாவி என்னிடம். பாங்க் லாக்கருக்கு இரண்டு சாவி இருக்குமே, அந்த மாதிரி. ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தரால் வண்டியை எடுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்கும். அதைத் தொடர்ந்து ஒரே ஒரு இருமல்.

சாவியைத் தேடுகிறேன்!